கடைக் கணினிக்கு மறதி பழக்குதல்

இடம்: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு கம்யூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி மெஷின், லெமினேட்டர், ஸ்கேனர், இரண்டு கணினி, டவர் இருக்கும் திசை பார்த்து ஜன்னலில் வைத்த 4ஜி ரவுட்டர். காலையில் ஒருவர் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிவிட்டுப் போவார். கதிரையின் சூடு ஆறுமுன் ஒரு பிள்ளை வந்து சாதாரண தரப் பெறுபேறு பார்க்கும். பிறகு வெளிநாட்டு வேலை தேடும் ஒருவர். மூவருக்கும் ஒரே பிரவுசர்.

கோளாறு இரண்டு வகை. ஒன்று கண்ணுக்குத் தெரிவது. அடையாள அட்டை எண் கேட்கும் கட்டத்தில் 19 என்று தட்டினால், முன்பு வந்தவர்களின் பன்னிரண்டு இலக்க எண்கள் வரிசையாகக் கீழே விழுகின்றன. யாரோ திறந்த ஜிமெயில் திறந்தபடியே கிடக்கிறது. மற்றது கண்ணுக்குத் தெரியாதது. ஒருவர் வளைகுடா வேலை தேடினார் என்பதற்காக, அடுத்து உட்காரும் பிள்ளைக்கும் அதே ஏஜென்சி விளம்பரம் வருகிறது. தளங்களைப் பொறுத்தவரை இந்தக் கதிரையில் உட்காருகிறவர் எல்லாருமே ஒரே ஆள்.

இரண்டையும் சேர்த்துத் தீர்க்கப் பார்த்த வேலையின் பதிவு இது.

முதலில் அளந்தது

அளக்காமல் செட்டிங்ஸில் கை வைத்தால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். பழைய பிரவுசரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தை மட்டும் திறந்தோம். எதையும் அழுத்தவில்லை. எஃப்12 தட்டினால் கீழே திறக்கும் பலகையில், ஃபயர்பொக்ஸ் என்றால் ஸ்டோரேஜ், குரோம் என்றால் அப்ளிகேஷன். அதற்குள் குக்கீஸ்.

குக்கி என்பது தளம் உங்கள் கணினியில் விட்டுப்போகும் சின்னத் துண்டுச் சீட்டு. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி இதை உருவாக்கியபோது நோக்கம் எளிமையானது: ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலும் அதே ஆள்தான் என்று கடைக்காரனுக்குத் தெரிய வேண்டும். இன்று அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க, தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகிள் அனலிட்டிக்ஸ் வைக்கும் குக்கியை எடுத்துக்கொள்வோம். பெயர் அடிக்கோட்டில் தொடங்கி ஜி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் முடியும். உள்ளே புள்ளியால் பிரித்த நான்கு துண்டுகள். முதல் இரண்டும் அமைப்புக் குறிகள், விட்டுவிடலாம். மூன்றாவது ஒரு நீண்ட எண். எந்த அர்த்தமும் இல்லாத, குலுக்கிப் போட்ட எண். அதுதான் உங்கள் பெயர். நான்காவது பத்து இலக்க எண், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள். 1760000000 என்று இருந்தால் 2025 ஒக்டோபர் 9, இலங்கை நேரம் பிற்பகல் 2.23. இந்தத் தளத்துக்கு இந்தப் பிரவுசர் முதன்முதலில் வந்த நேரம் அது.

இனி அதே பலகையில் நெட்வொர்க் என்ற தாவலுக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றி, தேடும் இடத்தில் கலெக்ட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கூகிளுக்குப் போகும் கோரிக்கை அகப்படும். அதன் வாலில் அந்தக் குலுக்கல் எண், திரையின் அளவு, பிரவுசரின் மொழி, பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் முழு முகவரி, தலைப்பு எல்லாம் ஒட்டியிருக்கும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "மூன்றாம் தரப்பு குக்கியை நிறுத்திவிட்டேன், போதும்" என்பார்கள். மூன்றாம் தரப்பு என்றால் திறந்த தளமல்லாத வேறு கம்பனி வைப்பது. மேலே சொன்ன குக்கி முதல் தரப்பு. செய்தித் தளத்தின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் படித்துக் கூகிளுக்கு அனுப்புவது, பக்கத்தோடு வந்து ஓடும் சிறு நிரலான ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்டை மறித்தால்தான் இது நிற்கும்.

குக்கி இல்லாமலும் அடையாளம்

குக்கியை அழித்தாலும் பிரவுசரின் சாயல் மிஞ்சுகிறது. எந்த எழுத்துரு நிறுவியிருக்கிறது, திரை எவ்வளவு, நேர வலயம் எது, கிராஃபிக்ஸ் சிப் படத்தை எப்படி வரைகிறது என்று நாலைந்தைச் சேர்த்தால் அது கைரேகை. 2010இல் டிஜிட்டல் உரிமை அமைப்பான எலக்ட்ரொனிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷனின் பீட்டர் எக்கர்ஸ்லி 470,161 பிரவுசர்களைப் பரிசோதித்துப் பார்த்தார். 83.6 சதவீதம் அந்தக் கூட்டத்தில் தனித்தே தெரிந்தன. அந்தப் பரிசோதனை இன்று கவர் யுவர் ட்ரக்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. கடைக் கணினியை அதில்தான் ஓட்டினோம்.

மலையகத்தில் இருந்து பார்க்கும்போது இதில் ஒரு விசேஷம் உண்டு. உலகில் 800 கோடிக்கு மேல் ஆட்கள். 33 தடவை பாதி பாதியாகப் பிரித்தால் ஓர் ஆளில் வந்து நிற்கும். பிரவுசர் தன் நேர வலயம் "ஆசியா, கொழும்பு" என்று சொன்னவுடனே, இலங்கையின் ஏறத்தாழ 2.2 கோடிப் பேருக்குள் சுருங்கிவிடுகிறது. உலகில் 360இல் ஒரு பங்கு. அதாவது 33இல் எட்டுத் தடவைக்கு மேல் அந்த ஒரே சொல்லில் முடிந்தது. அடுத்து மொழி வரிசையில் தமிழ். அடுத்து பழைய தமிழ் எழுத்துருவான பாமினி. நியூயோர்க்கில் ஒருவர் ஆங்கிலப் பிரவுசரோடு கூட்டத்தில் கரைந்து போகலாம். பாமினி போட்ட கணினிக்கு அந்த வசதி இல்லை.

எழுத்துரு எப்படித் தெரிகிறது என்றால், கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, அளந்துதான். ஸ்கிரிப்ட் ஒரு சொல்லைக் கண்ணுக்குப் படாத இடத்தில் சாதாரண எழுத்துருவில் எழுதி அகலத்தை அளக்கும். பிறகு "பாமினி இருந்தால் அதில் எழுது, இல்லாவிட்டால் பழையதில் எழுது" என்று சொல்லி மறுபடி அளக்கும். அகலம் மாறினால் பாமினி இருக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான பெயர்களைக் கண்ணிமைப்பதற்குள் கேட்டுவிடலாம்.

பாமினியைக் கழற்றுவது தீர்வல்ல. கடிதம் டைப் பண்ணும் வேலையில் பாதி அதில்தான் வருகிறது. பிரவுசரின் மொழியிலிருந்து தமிழை எடுக்கும் யோசனையும் அதே போலத்தான். வயதானவர்கள் மெனுவைத் தமிழில் பார்த்தால்தான் தாங்களாகவே ஒன்றை அழுத்துகிறார்கள். அது சில "பாதிகளை" விலையாகக் கேட்கும், கொடுத்துவிடலாம். மற்ற இடங்களில் மிச்சம் பிடித்தால் சரி.

செய்தது

குரோமை விட்டோம். மூன்றாம் தரப்பு குக்கியை நிறுத்தப் போவதாக 2020 ஜனவரியில் கூகிள் சொன்னது. பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பிரவுசரோடு ஒட்டும் துணைமென்பொருளான எக்ஸ்டென்ஷனின் பழைய முறையை நிறுத்தியதில், விளம்பரத்தையும் பின்தொடரும் ட்ரக்கர்களையும் மறிக்கும் யுபிளொக் ஒரிஜினும் குரோமில் இல்லாமல் போய், லைட் பதிப்பு மட்டும் எஞ்சியது. ஃபயர்பொக்ஸில் முழுப் பதிப்பு ஓடுகிறது. 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் போத்தலில் போட்டு மூடி வைப்பது அங்கே இயல்பு நிலை.

நிறுவியது சாதாரணப் பதிப்பு. நீண்டகால ஆதரவுப் பதிப்பு இல்லை. காரணம் கீழே டவுன்லோட் பகுதியில் வரும்.

செட்டிங்ஸ், பிரைவசி பக்கத்தில் ட்ரக்கிங் பாதுகாப்பை ஸ்ட்ரிக்டுக்கு மாற்றினோம். இது கைரேகைப் பக்கமும் வேலை செய்கிறது: நாமாக நிறுவிய எழுத்துருக்களைத் தளங்களுக்கு மறைக்கும், ஸ்கிரிப்ட் வரையச் சொல்லும் படத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு இரைச்சல் கலக்கும். பாமினி வேர்டில் அப்படியே இருக்கும், தளங்களுக்கு மட்டும் இராது. பக்க விளைவு ஒன்று உண்டு. யூனிகோட் வருமுன் பாமினியை நம்பிக் கட்டிய பழைய தளம் ஏதும் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். அப்போது முகவரிப் பட்டையின் இடப்பக்கக் கேடயத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்தினால் சரியாகும்.

பாஸ்வேர்ட் சேமிக்கவா என்று கேட்பதை நிறுத்தினோம். படிவத்தில் தட்டியதை நினைவில் வைப்பதையும் நிறுத்தினோம். 19 தட்டினால் எண்கள் கொட்டிய கோளாறு இதோடு தீர்ந்தது.

மேசைத் திரையில் ஒரே ஐகன்: ஃபயர்பொக்ஸின் பிரைவேட் விண்டோவை, அதாவது மூடியதும் குக்கியை மறந்துவிடும் விண்டோவை, நேராகத் திறப்பது. 106ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் அதற்குத் தனிக் குறுக்குவழி இருக்கிறது. ஊதா நிற முகமூடிப் படம். டாஸ்க்பாரில் குத்தி வைத்து, சாதாரண ஐகனை எடுத்துவிட்டோம்.

அடுத்து யுபிளொக் ஒரிஜின். எக்ஸ்டென்ஷன் இது ஒன்றுதான். இன்னும் நாலு போட்டால் பாதுகாப்புக் கூடும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் திறக்கும் பக்கத்தையெல்லாம் பார்க்கக்கூடியது, சில தளங்கள் அவை இருப்பதையே கைரேகையோடு சேர்த்துக்கொள்ளும். இயல்பான பட்டியல்களே போதும். குக்கி அறிவிப்புப் பலகைகளை மறைக்கும் பட்டியலை மட்டும் கூடுதலாக டிக் செய்தோம். தளத்தின் பெயருக்குள் ஒளிந்துகொண்டு வரும் ட்ரக்கரின் உண்மையான முகவரியைத் தேடிப்பிடிப்பது ஃபயர்பொக்ஸில் ஓடும் யுபிளொக்கால் முடியும். குரோமில் முடியாது.

முதல் நாள் முழுக்க இது வேலை செய்யவே இல்லை. நிறுவியாயிற்று, பட்டியல் அப்டேட் ஆயிற்று, ஆனாலும் பிரைவேட் விண்டோவில் விளம்பரம் வழிந்தது. ஃபயர்பொக்ஸ் எந்த எக்ஸ்டென்ஷனையும் பிரைவேட் விண்டோவுக்குள் தானாக விடாது. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் யுபிளொக்கைத் திறந்து "பிரைவேட் விண்டோக்களில் இயக்கு" என்பதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். இந்த ஒரு டிக் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் செய்தும் பாதிப் பயன்தான்.

அளவு கடந்த பாதுகாப்பையும் சோதித்தோம். உள் அமைப்புகளில் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரிண்டிங் என்று ஒன்று இருக்கிறது. ஆளின் அடையாளத்தை மறைக்கவென்றே செய்த டோர் பிரவுசரில் ஓடுவது அதுதான். போட்டவுடன் நேர வலயம் கிரீனிச் பக்கம் போய்விட்டது. நேரம் ஒதுக்கும் தளத்தில் காலை 9.00 மணி இடம் 3.30 என்று காட்டியது, ஐந்தரை மணி நேரம் பின்னால். அதைவிடப் பெரிய தொல்லை போட்டோ. விண்ணப்பப் படத்தை வெட்டி அளவாக்கும் ஒன்லைன் கருவிகள், படத்தை பிரவுசருக்குள்ளேயே வரைந்து திரும்பப் படிக்கின்றன. கைரேகை எடுக்கும் ஸ்கிரிப்டும் செய்வது அதே காரியம். பிரவுசரால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது, மறித்துவிடும். ஆளின் முகத்துக்குப் பதில் நிறநிறமான கோடுகள் வந்தன. முகவரிப் பட்டையில் வரும் சின்ன ஐகனை அழுத்தி அனுமதிக்கலாம்தான், ஆனால் வரிசை நிற்கும் கடையில் அது நடக்காது. எடுத்துவிட்டோம். ஸ்ட்ரிக்டில் கலக்கும் சிறு இரைச்சல் படத்தைக் கெடுப்பதில்லை.

பூட்டி வைத்தல்

செட்டிங்ஸை வருபவர் மாற்றிவிடாமல் இருக்க, ஃபயர்பொக்ஸ் நிறுவிய ஃபோல்டருக்குள் டிஸ்ட்ரிபியூஷன் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் பொலிசி கோப்பு, அதாவது ஃபயர்பொக்ஸ் கட்டாயம் பின்பற்றும் விதிகளின் கோப்பு, வைத்தோம். பாஸ்வேர்ட் சேமிப்பு இல்லை, படிவ நினைவு இல்லை என்ற இரண்டு வரிதான். நோட்பேடில் எழுதிச் சேமிக்கும்போது அது தன் பங்குக்கு டெக்ஸ்ட் வால் ஒன்றை ஒட்டிவிடும். கோப்பு வகையில் "எல்லாக் கோப்புகளும்" என்று தேர்ந்து சேமிக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் முழுக் கோப்பையும் ஃபயர்பொக்ஸ் சத்தமில்லாமல் தள்ளிவிடும். முகவரிப் பட்டையில் அபௌட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி போட்டு, பொலிசீஸ் என்று தட்டினால் எது ஏறியது, எது பிழை என்று காட்டும்.

பிரைவேட் விண்டோ மறக்காதவை

எல்லா பிரைவேட் விண்டோவும் மூடினால்தான் மறதி வரும். ஒன்று கீழே மினிமைஸ் ஆகிக் கிடந்தால், முதலில் வந்தவரின் ஜிமெயில் அடுத்தவருக்கும் திறந்தே இருக்கும். கடையில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இதுதான்.

டவுன்லோட் ஃபோல்டர் அடுத்தது. குக்கிக்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு அந்த ஃபோல்டரைத் திறந்தால், பெறுபேற்றுத் தாள், வங்கிக் கூற்று, அடையாள அட்டை ஸ்கேன் எல்லாம் பெயர் போட்டுக் கிடந்தன. உண்மையைச் சொன்னால், இந்த ஊரில் எந்த விளம்பரக் கம்பனியையும் விட இது ஆபத்து. ஃபயர்பொக்ஸ் 143இலிருந்து பிரைவேட் விண்டோவில் இறக்கிய கோப்பை வைக்கவா, முடிந்ததும் அழிக்கவா என்று கேட்கிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140இல் இது இல்லாததால்தான் சாதாரணப் பதிப்பு. அழிக்கும்படி வைத்தோம். அதற்கு மேலதிகமாக விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸில் டவுன்லோட் ஃபோல்டரை 1 நாளுக்கும், குப்பைத் தொட்டியை 1 நாளுக்கும் அமைத்தோம். டவுன்லோட் ஃபோல்டர் அதில் இயல்பாக "ஒருபோதும் இல்லை" என்றுதான் இருக்கும், கையால் மாற்ற வேண்டும்.

வாட்ஸ்அப் இன்னொரு வாசல். பிரிண்ட் எடுக்க எல்லாரும் கடையின் நம்பருக்குத்தான் கோப்பு அனுப்புகிறார்கள். மறையும் செய்தியை 24 மணி நேரத்துக்கு அமைத்தோம். கடையின் வாட்ஸ்அப் வெப்பும் மெயிலும் எட்ஜ் பிரவுசரில் தனியாக ஓடுகின்றன. வாடிக்கையாளர் பிரவுசரில் கடையின் கணக்கு எதுவும் திறப்பதில்லை. கூகிள் கணக்கில் உள்நுழைந்தபடி கைரேகையை மறைத்து என்ன லாபம், பெயரை நாமே சொல்லிவிட்டோமே.

மின்சாரம் இன்னொரு விஷயம். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சாதாரண விண்டோ என்றால் கணினி திரும்ப எழுந்ததும் பழைய தாவல்களை மீட்கலாம். பிரைவேட் விண்டோ தன் தாவல்களை டிஸ்கில் எழுதி வைப்பதில்லை, முக்கால்வாசி நிரப்பிய விண்ணப்பம் போனது போனதுதான். 650 விஏ யுபிஎஸ் ஒன்று போட்டோம். ஒரு கணினியும் ரவுட்டரும் சில நிமிடம் தாங்கும், சேமித்து மூட அது போதும். நீளமான பதில்களை முதலில் நோட்பேடில் எழுதி ஒட்டுவது இன்னும் நல்லது.

ரவுட்டர் பக்கம்

ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியில், விளம்பர முகவரிகளை மறிக்கும் பைஹோல் போட்டுக் கடை முழுவதற்கும் மறிக்கலாம் என்று தொடங்கி, விட்டுவிட்டோம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் எஸ்டி கார்ட் கெடும், கெட்டால் கடை முழுக்க இணையம் நின்றுவிடும். துணைக்கு இரண்டாவது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கும் சேவை) முகவரி கொடுத்தால், கருவிகள் நினைத்த நேரம் அதற்குத் தாவி விளம்பரம் மறுபடி வழியும்.

அதற்குப் பதிலாக ஃபயர்பொக்ஸுக்குள் பாதுகாப்பான டிஎன்எஸ். மேக்ஸ் என்ற நிலையில் வைத்தால், சிக்னல் மெலியும்போது பக்கம் திறக்காமல் பிழைப் பலகை வருகிறது. அதற்கு ஒரு படி கீழே, முடியாவிட்டால் சாதாரண டிஎன்எஸ்ஸுக்குத் திரும்பும் நிலையில் வைத்தோம். மூடுபனி நாளில் ஜன்னலில் இருக்கும் ரவுட்டருக்கு இந்த இரக்கம் தேவை.

ஐபி முகவரியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. மொபைல் இணைப்பில் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமானோர் நிற்பது வழக்கம். அதை வைத்து இடம் தேடினால் பெரும்பாலும் கொழும்பு என்றுதான் வரும். இலவச விபிஎன் வேண்டாம் என்றோம். நெட்வொர்க் கம்பனி பார்ப்பதை மறைக்கப் போய், முகம் தெரியாத இன்னொரு கம்பனியிடம் எல்லாவற்றையும் காட்டுவது அது. வங்கித் தளங்களும் முரண்டு பிடிக்கும்.

வைஃபை கேட்டு வருபவர்களின் ஃபோனுக்கு மூன்று காரியம் சொல்லிக்கொடுத்தோம். அண்ட்ரொய்டில் ஃபயர்பொக்ஸ் போட்டால் அதிலும் யுபிளொக் ஓடும். செட்டிங்ஸில் விளம்பர ஐடியை அழிக்கலாம். மூன்றாவது லிங்கின் வால். பேஸ்புக்கிலிருந்து வரும் லிங்கில் எஃப்பிசிஎல்ஐடி என்று தொடங்கும் நீண்ட குப்பை, எந்த அழுத்தலில் வந்தவர் என்று சொல்லும் அடையாளம். கேள்விக்குறிக்குப் பின் அது மட்டும் இருந்தால் கேள்விக்குறியோடு வெட்டலாம். யூடியூப் லிங்கில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் வீடியோ திறக்காமல் போகலாம். வி சமம் என்ற பகுதி வீடியோவின் எண். எஸ்ஐ சமம் என்று தொடங்குவதைத்தான் வெட்ட வேண்டும். கணினியில் ஃபயர்பொக்ஸ் ஸ்ட்ரிக்ட் பேஸ்புக் வாலைத் தானே வெட்டிவிடுகிறது.

மறுபடி அளந்தது

எல்லாம் முடித்துக் கவர் யுவர் ட்ரக்ஸில் ஓட்டினால் இன்னமும் "தனித்துத் தெரிகிறது" என்று வரலாம். பயப்பட வேண்டியதில்லை. இரைச்சல் கலந்த படம் யாருடைய படத்தோடும் ஒத்துப்போகாது, தனித்துத்தான் தெரியும். பார்க்க வேண்டியது நாளைக்கும் அதே முகமா என்பதை. விரிவான முடிவில் கென்வஸ் என்ற வரியில் வரும் நீண்ட எண்ணெழுத்துக் கோவையின் கடைசி ஆறை ஒரு தாளில் குறித்தோம். எல்லா விண்டோவையும் மூடி, மறுபடி திறந்து ஓட்டினோம். கோவை மாறியது. மாறவில்லை என்றால் ஸ்ட்ரிக்ட் ஏறவில்லை, அல்லது கீழே ஒரு விண்டோ மூடாமல் கிடக்கிறது. பழைய செய்தித் தளத்தில் எஃப்12 தட்டி கலெக்ட் என்று தேடினால், கோரிக்கை போகாமல் மறிக்கப்பட்டதாகக் காட்டியது.

ஏதாவது பக்கம் உடைந்தால் கடைப் பையனுக்குச் சொன்ன ஒழுங்கு: முதலில் யுபிளொக்கின் பெரிய நீலப் பொத்தானை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்து ரீலோட். சரியாகாவிட்டால் கேடயம். அதற்கும் சரிவராவிட்டால் தளமே கோளாறு, பத்து நிமிடம் கழித்துப் பார். பெறுபேறு வெளியாகும் நாளில் மூன்றாவதிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டாவது கணினி இன்னும் விண்டோஸ் 10. அதற்கான பொதுப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததால் வங்கி வேலைக்கு அதைக் கொடுப்பதில்லை. டைப்பிங்கும் ஸ்கேனும் மட்டும். இரண்டு திரைக்குக் கீழும் தமிழிலும் சிங்களத்திலும் லெமினேட் செய்து ஒட்டியது: "எழும்புமுன் எல்லா ஊதா விண்டோவையும் மூடவும்." ஸ்கேனர் தன் கோப்புகளைப் போடும் ஃபோல்டரை மாற்ற அதன் மென்பொருள் விடவில்லை. அதை இப்போதைக்குக் கடை பூட்டுமுன் கையால் அழிக்கிறார்கள்.